மத்தியானப் பெட்டிகளுக்குப் பதில் சொன்னவர்

என் அப்பாவோடு நான் கழித்த கடைசி ஆண்டுகளுக்காக நன்றி சொல்ல வேண்டும் என்றால், டாக்டர்களுக்கு அடுத்தபடியாக நான் கும்பிட வேண்டியவர் எங்கள் அலுவலகம் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர். தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். நானும் அப்படியே சொல்கிறேன். கம்ப்யூட்டரைப் பற்றி மதாமுக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்ததில்லை. "அது பாட்டுக்கு இருக்குது, நான் பாட்டுக்கு இருக்கேன்" என்பார். சொன்னபடி அவர் பாட்டுக்கு இருந்திருந்தால் எனக்கு இதை எழுதும் வேலையே இருந்திருக்காது.

புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் அந்த வீடு. காலையில் ஜன்னலைத் திறந்தால் பூ வாசனையும் மீன் வாசனையும் ஒன்றாகவே உள்ளே வரும். கீழே மதாம் தனியாக இருந்தார். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகன் பிரான்சில். மதாமிடமும் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தது. "அங்க போயி குளுருல யாரு நடுங்குறது" என்று இங்கேயே இருந்துவிட்டார். மாடியில் இருந்த இரண்டு அறைகளில் எங்கள் நிறுவனம். நிறுவனம் என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துவிட வேண்டாம். முதலாளி, ப்ரோகிராம் எழுதும் இருவர், நான். அவ்வளவுதான் கூட்டம்.

பிரான்சில் சின்னச் சின்ன ஊர்களில் இருக்கும் மருந்துக்கடைகளுக்காக அந்த நாட்டு நிறுவனம் ஒன்று ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தது. அதைச் சோதித்துப் பார்ப்பது எங்கள் வேலை. ஒவ்வொரு திரையாகத் திறந்து, நோயாளியின் பெயரைச் சேர்த்து, மருந்தைச் சேர்த்து, ரசீது போட்டு, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதை மனிதர்கள் செய்தால் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைப்போம். அதை ஓட விட்டால் மவுஸ் அம்பு தானாக நகரும், எழுத்துகள் தானாக விழும், பட்டன்கள் தானாக அமுங்கும். முதல் தடவை அதைப் பார்த்த அன்று சாமி வந்த ஆளைப் பார்ப்பதுபோல் ஒதுங்கி நின்று பார்த்தேன். பிறகு அதை எழுதுகிறவளே நானாகிவிட்டேன்.

அந்த ஸ்கிரிப்டுக்கு ஒரே ஒரு எதிரி உண்டு. பாப்-அப். நாங்கள் அதைப் பெட்டி என்போம். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி வந்து ஏதாவது கேட்கும். இதைச் சேமிக்கவா? இந்த மருந்தின் காலாவதி தேதி நெருங்குகிறது, தொடரலாமா? அதற்குப் பதில் சொல்கிற வரைக்கும் பின்னால் எதுவும் அசையாது. எந்த இடத்தில் எந்தப் பெட்டி வரும் என்று முன்பே தெரிந்தால் ஸ்கிரிப்டுக்குச் சொல்லி வைத்துவிடலாம். சொல்லாமல் கொள்ளாமல் வருகிற பெட்டிதான் தொல்லை. ஸ்கிரிப்ட் பாவம், பெட்டிக்குப் பின்னால் மறைந்திருக்கும் திரையைத் தேடிக்கொண்டே நிற்கும். எங்கள் மெஷின்கள் மகா மந்தம் என்பதால் முதலாளி அதற்கு நீண்ட பொறுமை வைத்திருந்தார். ஒரு இடம் திறக்கவில்லை என்றால் நிறைய நேரம் காத்திருந்து பார்க்கும். அப்புறமும் வரவில்லை என்றால் 'தோல்வி' என்று எழுதிவிட்டுச் செத்துவிடும்.

மருந்துக்கடை மென்பொருளின் பெட்டிகள் போதாது என்று, கரண்ட் போனால் யு.பி.எஸ். ஒரு பெட்டி அனுப்பும். பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தால் ஒன்று. வைரஸ் தடுப்பு மென்பொருளுக்குத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆசை வந்தால் இன்னொன்று. இதில் முக்கால்வாசி பிரெஞ்சில் இருக்கும். புதுச்சேரிக்காரிக்குப் பிரெஞ்சு தெரியாதா என்று வெளியூரில் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு தெருப் பெயர்ப் பலகையோடு சரி. பெட்டியில் 'உய்' என்றால் ஆமாம், 'நோன்' என்றால் இல்லை, அந்த அளவுக்குப் பழகியிருந்தேன். நடுவில் உள்ள வாக்கியம் எனக்கு ஒரு பூச்சி வரிசைதான்.

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பாகூர் பக்கம் கொஞ்சம் நிலம். நான் ஒரே பிள்ளை. அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரம் இரண்டு நாள் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தச் சுத்திகரிப்பு. வயலில் பாம்பைக் கையால் தூக்கிப் போட்ட மனுஷன், அந்த மெஷினைக் கண்டால் நடுங்குவார். "என் ரத்தம் கொழாயில ஓடுறத பாத்துக்கிட்டு என்னால தனியா கெடக்க முடியாதும்மா. நீ பக்கத்துல உக்காந்தா வர்றேன். இல்லன்னா வேணாம், உட்டுடு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அம்மா வந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். அம்மா அழுவார், அதைப் பார்த்து இவரும் அழுவார். நான் அழ மாட்டேன், திட்டுவேன். அப்பாவுக்கு அதுதான் தைரியம்.

வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இது எப்படி முடியும்? புதுச்சேரி என்பதால் முடிந்தது. எங்கள் ஊர் மத்தியானம் தூங்குகிற ஊர். ஒரு மணிக்குக் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும், சாயங்காலம்தான் திரும்பத் திறக்கும். வெளியூர்க்காரர்கள் வெயிலில் நின்று எரிச்சல் படுவார்கள். எங்கள் முதலாளியும் அசல் உள்ளூர்க்காரர். ஒரு மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, சட்டையைக் கழற்றிப் போட்டுத் தூங்கி எழுந்து, நான்கு மணிக்கு முகம் கழுவிக்கொண்டு வருவார். ப்ரோகிராம் எழுதும் இருவரும் அப்படித்தான். அந்த இடைவெளியில் நான் ஸ்கிரிப்டை ஓட விட்டு, மெஷின் சூடாகாமல் இருக்க ஏசியை அப்படியே விட்டு, கதவைப் பூட்டி, பஸ் பிடித்துக் கோரிமேடு போய்விடுவேன். மாற்றுச் சாவி எப்போதும் கீழே மதாமிடம் இருக்கும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, உப்பில்லாத சோற்றை ஊட்டி, நாலு வார்த்தை திட்டிவிட்டு, நாலு மணிக்குள் திரும்பினால் முடிவு தயாராக இருக்கும். ஆஸ்பத்திரி இல்லாத நாளிலும் அதே மாதிரி ஓட விட்டுப் பூட்டிவிட்டு, சாப்பிட வெளியே போய்விடுவேன். சென்னையில் எந்தக் கம்பெனி எனக்கு இப்படி ஒரு மத்தியானத்தைக் கொடுத்திருக்கும்?

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. காலையில் ஸ்கிரிப்டை ஓட விட்டால் ஏதாவது ஒரு பெட்டியில் முட்டி நின்றுவிடும். சாயங்காலம் விட்டாலும் அதே கதை. மத்தியானம் மட்டும் முதலிலிருந்து கடைசிவரை வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். நெட்வொர்க்கில் நெரிசல் இல்லை, பிரிண்டரை யாரும் தொடுவதில்லை, அதனால்தான் என்று ப்ரோகிராம் எழுதும் இருவரும் விளக்கம் சொன்னார்கள். முதலாளிக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "சில வேலைக்கு நேரம்னு ஒண்ணு இருக்குதும்மா. ராகு காலத்துல ஆரம்பிச்சா வெளங்குமா? உன் ஸ்கிரிப்டுக்கு மத்தியானம் ராசி" என்றார். சிரித்தேன். ஆனால் வேறு நல்ல காரணம் என்னிடமும் இல்லை.

அந்த நேரத்தில்தான் பிரான்சிலிருந்து செய்தி வந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கு முன் அவர்களின் அதிகாரி ஒருவர் நேரில் வருவார். ஸ்கிரிப்ட் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை, யாரும் கீபோர்டைத் தொடாமல், அவர் கண் முன்னால் ஓடிக் காட்ட வேண்டும். ஓடினால் வேலை தொடரும். இல்லையென்றால் அத்தோடு சரி. எங்களுக்கு வேறு வாடிக்கையாளர் கிடையாது. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒருவேளை சரியா வரலைன்னா கவலப்படாதே, சென்னையில தெரிஞ்ச எடத்துல உனக்கு வேலை வாங்கித் தர்றேன்" என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் நான் சென்னைக்குப் போனால் அப்பா கோரிமேட்டுக்குப் போக மாட்டார். போகாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

சோதனையை எந்த நேரத்தில் வைப்பது என்பதில் முதலாளிக்குச் சந்தேகமே இல்லை. சரியாக ஒரு மணி.

அன்று அப்பாவுக்கு ஆஸ்பத்திரி இல்லாத நாள். காலையில் படியேறும்போது மதாமிடம், "இன்னைக்கு மத்தியானம் பிரான்சுல இருந்து விருந்தாளி வர்றாங்க மதாம், மாடியிலதான் இருப்போம்" என்று சொன்னேன்.

"அப்படியா? அப்ப நான் இன்னைக்கு மேல வரலை" என்றார்.

இவரை யார் வரச் சொன்னது என்று ஒரு கணம் தோன்றியது. அதை யோசிக்க எனக்குப் பொழுதில்லை.

வந்தவர் நடுவயதுப் பெண்மணி. வெயிலில் சிவந்த முகம், பருத்திச் சட்டை, சிரிப்பை எண்ணிச் செலவழிக்கிறவர். நாற்காலியை இழுத்துத் திரைக்கு எதிரே போட்டுக்கொண்டார். நான் ஸ்கிரிப்டைத் தொடங்கி வைத்துவிட்டு எல்லோரையும் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மவுஸ் அம்பு கிளம்பியது. பெயர்கள் விழுந்தன, மருந்துகள் விழுந்தன, தெரிந்த பெட்டிகள் எழும்பின, தாமாகவே மூடின. முதலாளி என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சிமிட்டலுக்குக் கண் பட்டதோ என்னவோ, தெரியாத பெட்டி ஒன்று வந்து நடுவில் உட்கார்ந்தது. பிரெஞ்சில் இரண்டு வரி. கீழே உய், நோன்.

ஸ்கிரிப்ட் நின்றது. நாங்களும் நின்றோம். "என்னம்மா இது, மத்தியானத்துல நிக்கவே நிக்காதே" என்று முதலாளி என் காதருகே முணுமுணுத்தார். அந்த நீண்ட பொறுமை தீரப் போகிறது. தீர்ந்ததும் 'தோல்வி' என்று விழும். கையை நீட்டி ஒரு பட்டனைத் தட்டினால் போதும். தட்டக் கூடாது. கட்டிய கைக்குள் என் நகங்கள் என்னையே குத்திக்கொண்டிருந்தன.

அப்போது படியில் செருப்புச் சத்தம். மதாம் கையில் ஒரு தட்டு, அதில் கண்ணாடி டம்ளர்களில் எலுமிச்சம்பழ ஜூஸ். விருந்தாளி வந்த வீட்டில் ஒன்றும் கொடுக்காமல் அனுப்புவது அவருக்கு ஆகாது. "போன்ழூர்" என்று வந்தவருக்கு வணக்கம் சொன்னார். திரையைப் பார்த்தார். தட்டை மேசைமேல் வைத்தார். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, அந்த இரண்டு வரியையும் நிதானமாகப் படித்தார். பிறகு மவுஸைப் பிடித்து 'உய்' மேல் ஒரு தட்டு. பெட்டி மறைந்தது. ஸ்கிரிப்ட் ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த நோயாளிக்குப் போனது.

மதாம் டம்ளரை எடுத்து விருந்தாளியிடம் நீட்டிய பிறகுதான் எங்கள் முகங்களைக் கவனித்தார். "ஏன் எல்லாரும் இப்டி பாக்குறீங்க? கேள்வி கேட்டுட்டு நிக்குது. பதில் சொன்னேன்."

"மதாம்," முதலாளியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, "இதுக்கு முன்னாடியும் இந்த மாதிரி..."

"தெனமும்தான். கீழ வெயில் தாங்கல. நீங்க ஏசியப் போட்டுட்டு வெட்டியா பூட்டிட்டுப் போறீங்க. நான் பின்னலை எடுத்துக்கிட்டு இங்க வந்து உக்காருவேன். அது அப்பப்ப கேக்கும். நான் சொல்லுவேன். கேட்டதுக்கு பதில் சொல்லாம இருக்கிறது மரியாதையா?"

எங்கள் ராசியான மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே சமயத்தில் முட்டின. அதற்கு மேலே கோபம். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் முதலாளியை முறைத்தேன்.

வந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மதாமிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். மதாம் பதில் சொன்னார். அவர் திரும்பக் கேட்டார். இவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அவ்வளவு வேகமாக மதாம் பேசி நான் பார்த்ததே இல்லை. எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. என் அப்பா இனிமேல் கோரிமேட்டுக்குப் போவாரா மாட்டாரா என்பதை இரண்டு பெண்மணிகள் எனக்குத் தெரியாத மொழியில் பேசி முடிவு செய்துகொண்டிருந்தார்கள். நான் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நடுவில் ஒரு இடத்தில் வந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மதாம் அழுத்தந்திருத்தமாக 'நோன், நோன்' என்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

பிறகுதான் மதாம் எனக்குத் தமிழில் சொன்னார். எந்தப் பெட்டிக்காவது இல்லை என்று சொன்னது உண்டா என்று அந்த அம்மா கேட்டாராம். "ஒண்ணே ஒண்ணுக்குத்தான். ஃபோன் நம்பர் இல்லாத பழைய நோயாளி பேரையெல்லாம் மொத்தமா அழிச்சிடவான்னு கேட்டுச்சு. அது எப்ப வந்தாலும் நோன்தான். ஒரு மனுஷன்கிட்ட ஃபோன் இல்லன்னா பேரையே அழிச்சிடுவாங்களா? எங்க வீட்டுக்காரருகூட கடைசி வரைக்கும் ஃபோன் வெச்சிக்கலை." அந்தப் பெட்டி அங்கே வந்திருக்கவே கூடாதாம். மென்பொருளின் உள்ளே ஏதோ பிசகு. அதைச் செய்த நிறுவனத்துக்கே அது தெரிந்திருக்கவில்லை.

வந்தவர் முதலாளியிடம் ஆங்கிலத்தில் கேட்டார். தெரியாத பெட்டி வந்தால் இனி என்ன செய்வதாக உத்தேசம்? முதலாளி பதற்றத்தில், "எது வந்தாலும் என்டர் தட்டு என்று ஒரே வரி எழுதிவிடலாம்" என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. இதே விஷயத்துக்காக நான் அவரோடு பல வாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த ஆங்கிலத்தில் குறுக்கே விழுந்தேன். கண்ணை மூடிக்கொண்டு என்டர் தட்டினால் அந்த மனிதர்களின் பெயரெல்லாம் போயிருக்குமே! தெரிந்த பெட்டிக்கு அதற்குரிய பதில். தெரியாத பெட்டி என்றால் தொடக் கூடாது. அதைப் படம் பிடித்து வைத்துவிட்டு, மென்பொருளை மூடித் திறந்து அடுத்த சோதனைக்குப் போக வேண்டும். பதில் சொல்வது மனிதர்கள் வேலை. இலக்கணமெல்லாம் பறந்தது, ஆனால் விஷயம் போய்ச் சேர்ந்தது.

அந்த அம்மா என்னையும் மதாமையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வாரம் இந்த ஊரில்தான் இருக்கப் போவதாகவும், கிளம்புவதற்கு முன் இன்னொரு முறை வந்து பார்ப்பதாகவும் சொன்னார். ஜூஸை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அந்த வாரம் மதாம்தான் எனக்குக் கண். அப்பாவின் ஆஸ்பத்திரி நேரம் போக மீதி நேரமெல்லாம் நாங்கள் இருவரும் திரைக்கு முன்னால். நான் பெட்டிகளை ஒவ்வொன்றாக வரவழைப்பேன். அவர் படித்து, என்ன கேட்கிறது என்று தமிழில் சொல்வார். கூடவே அதன் குணத்தையும் சொல்வார். "இது நல்லதுக்குக் கேக்குது, உய் போடு." "இது சும்மா பேசுது. மூடிடு." "இது திமிரு பிடிச்சது, ஏற்கெனவே முடிவு பண்ணிட்டு நம்மள கேக்குது." நான் அவசரத்தில் ஒன்றிரண்டைத் தாண்டப் பார்த்தால் கையைத் தட்டிவிடுவார். எங்களுக்குள் சண்டையும் வரும். யு.பி.எஸ். பெட்டிக்கு 'நன்றி' என்று ஒரு பட்டன் வைக்கக் கூடாதா என்று அவர் அடம் பிடித்தார். கரண்ட் போனதை மறக்காமல் வந்து சொல்கிறதே, அதற்குத்தான். அது நம் கையில் இல்லை மதாம் என்று விளக்குவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

இரண்டாவது முறையும் மத்தியானம்தான். மதாமையும் உட்கார வைத்தோம். பின்னல் ஊசியைக்கூட எடுத்து வராமல், இரண்டு கையையும் மடியில் வைத்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டிகள் வந்தன. ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னது. நோயாளிகளை அழிக்கவா என்ற பெட்டி வந்ததும் அதைப் படம் பிடித்து வைத்துவிட்டு, மென்பொருளை மூடித் திறந்து அடுத்த வேலைக்குப் போனது. கடைசிவரை ஓடி முடிந்தது. "நான் படிக்கிறதுக்குள்ள போயிடுச்சே" என்று மதாம் மட்டும் முணுமுணுத்தார். வந்தவர் எழுந்து முதலாளிக்குக் கை கொடுத்தார், எனக்குக் கை கொடுத்தார், மதாமின் இரண்டு கன்னத்திலும் கன்னம் வைத்து விடைபெற்றார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

அடுத்த ஆஸ்பத்திரி நாளில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, ஜூஸ், நோன், எல்லாம். அவர் கேட்டுவிட்டு, "அப்ப அடுத்த வாரமும் நீதான வருவ?" என்றார்.

"நாந்தான். என்னைய உட்டா உன்னைய யாரு திட்டுறது?"

"அப்ப சரி" என்று திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். மெஷினில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் தூங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மதாம் மாடிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். வந்தாலும் திரைக்கு முதுகைக் காட்டி உட்காருவார் போலிருந்தது. நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பிக் கிடக்கும். ஒரு நாள் கேட்டுவிட்டேன். ஏதாவது கோபமா மதாம்?

"கோவம் என்னா. அதுக்குத்தான் இப்ப நான் வேணாமே" என்றார். பிறகு அவரே சொன்னார். "அவரு போனதுக்கு அப்புறம் இந்த வீட்டுல என்னைய ஒரு கேள்வி கேக்க ஆளு இல்லை. மவன் ஃபோன் பண்ணுவான், அவன் கதைய சொல்லிட்டு வெச்சிடுவான். அது ஒண்ணுதான் மரியாதையா கேட்டுட்டு, நான் பதில் சொல்ற வரைக்கும் நின்னுச்சு."

என் வேலையைக் காப்பாற்றிய ஸ்கிரிப்ட், எனக்கு உதவி செய்த மனுஷியிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டுவிட்டது. அன்று முழுக்க அதுவே மனதில் கிடந்தது. மறுநாள் பிரான்சு அம்மாவுக்கே மின்னஞ்சல் எழுதி ஒரு வாக்கியத்துக்குப் பிரெஞ்சு கேட்டேன். ஏன் என்று கேட்காமல் ஒரே வரியில் அனுப்பினார். மதாமின் நாற்காலி இருந்த இடத்தில், சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில், மத்தியானம் ஒன்றரைக்குத் தானாக எழும்பும்படி ஒரு பெட்டி செய்து வைத்தேன். மதாம், இன்று சாப்பிட்டீர்களா? கீழே உய், நோன். எந்தச் சோதனையோடும் அதற்குச் சம்பந்தமில்லை. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும்.

அன்று கோரிமேட்டிலிருந்து திரும்பிப் படியேறினேன். மதாம் அவர் வீட்டு வாசலில் நின்றபடி, "உய்" என்றார்.

"என்ன மதாம்?"

"நீ கேட்டதுக்கு." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அப்புறம் நாள் தவறாமல் பதில் வந்தது. சில நாள் கூடவே விவரமும் வரும். இன்னைக்கு நெத்திலி. இன்னைக்கு வெறும் ரசம், உடம்பு சரியில்லை. நோன் என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. ஒரு தடவை, பெட்டிக்குப் பொய் சொல்லக் கூடாது என்பதற்காகவே எழுந்து போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்து தட்டினேன் என்றார்.

நாங்கள் நினைத்ததைவிட அதிக காலம் அப்பா இருந்தார். ஒவ்வொரு ஆஸ்பத்திரி நாளும் மத்தியானம் நான் பக்கத்தில் இருந்தேன். பேசாத பேச்செல்லாம் அந்தக் கட்டிலருகில்தான் பேசினோம். எனக்கு முன்பு தெரியாத அப்பாவை அங்கேதான் தெரிந்துகொண்டேன். அவர் கண்ணை மூடியதுகூட வீட்டில், காலை வெயிலில், என் கையைப் பிடித்துக்கொண்டுதான். இது எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கிடைத்தது எனக்கு. அதற்காக இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள். அது அப்பாவின் ஆஸ்பத்திரிக் கிழமை. காலை எப்படியோ ஓடிவிட்டது. ஒரு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். முதலாளி வாசல் வரை போய்த் திரும்பி, பழைய கம்ப்யூட்டரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். நான் ஸ்கிரிப்டைத் தொடங்கி வைத்தேன். பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். அப்புறம்தான் எனக்குப் போக இடமில்லை என்பது உறைத்தது. எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கிழமையில் கோரிமேடு இல்லாத மத்தியானம். பையோடு மதாமின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றரைக்கு எதிரே இருந்த பழைய கம்ப்யூட்டரில் பெட்டி எழும்பியது. நான் எழுதி வைத்த பிரெஞ்சு வாக்கியம் அதில் இல்லை. ஆங்கில எழுத்தில், தமிழில், ஒரே ஒரு சொல். சாப்டியா? கீழே உய், நோன். மதாமுக்கு இதெல்லாம் செய்யத் தெரியாது. வாசல் வரை போய்த் திரும்பிய முதலாளியின் வேலை. யார் சொல்லி என்பதைக் கேட்க வேண்டியதில்லை.

அதுவரை நான் அழுதிருக்கவில்லை. அப்பா இருந்தவரை நான் அழுதால் அவருக்குத் தைரியம் போய்விடும் என்று பழகிய பழக்கம். அந்தப் பெட்டி அவசரப்படாமல் நின்றது. நானும் அழுது முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு மவுஸைப் பிடித்து, பொய் சொல்லாமல், 'நோன்' மேல் தட்டினேன்.

கீழே இறங்கிப் போனேன். மதாம் மேசையில் இரண்டு தட்டு வைத்திருந்தார். அவரும் அதுவரை சாப்பிட்டிருக்கவில்லை.